லேண்ட்லைனுக்கு ஒரு வாரம் லீவு

ஒரு குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்க எதிரி யாரும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. எதையும் முறைப்படி செய்கிறேன் பேர்வழி என்று உள்ளேயே ஒருவன் இருந்தால் போதும். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெரு ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை நான்தான் வகித்து வருகிறேன். யாரும் கொடுத்த பதவி இல்லை. நானாக எடுத்துக்கொண்டது.

தில்லைநகரில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் எனக்கு நிர்வாக வேலை. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து, வேண்டாததைத் தூக்கிப் போடுவதில் அங்கே எனக்கு நல்ல பெயர். (தூக்கிப் போட்டதை மறுநாள் தேடி அலைபவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.) அந்தக் கண்ணோடு ஒருநாள் எங்கள் ஹாலைப் பார்த்தபோது மூலையில் லேண்ட்லைன் தென்பட்டது.

வீட்டில் எனக்கு ஒரு செல், என் மனைவி விஜிக்கு ஒரு செல். லேண்ட்லைனுக்கு வருவதெல்லாம் லோன் வேண்டுமா, மனை வேண்டுமா, முழங்கால் வலிக்குத் தைலம் வேண்டுமா என்கிற அழைப்புகள்தான். அம்மாவுக்கும் ஒரு செல் வாங்கிக் கொடுத்துவிட்டு லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிடலாம் என்று இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். விஜி ஸ்கூல் டீச்சர். பேப்பர் திருத்திக்கொண்டே, "அத்தையக் கேளுங்க," என்றாள்.

அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ராசுவுக்கு இந்த நம்பர் மட்டும்தான்டா மனப்பாடம். அவன் கூப்பிட்டா என்ன பண்றது?"

ராசு என்பது தங்கராசு மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. தொட்டியத்தில் வாழை போட்டிருக்கிறார். இந்த வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று முதல் பந்தியில் உட்காரச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த பந்திக்கும் கூப்பிடவில்லை. அவர் வேலையாக இருக்கிறார் என்று நாங்களும், கூப்பிடட்டும் பார்ப்போம் என்று அவரும் இருந்திருக்கிறோம். கடைசியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனவர்தான். ஆறு வருஷமாகப் பேச்சில்லை, பொங்கல் சீர் இல்லை. அதற்கு முன்பெல்லாம், இதே நம்பர் பழைய வீட்டில் இருந்த காலத்தில், வாரம் தவறாமல் லேண்ட்லைனில் கூப்பிடுவார். எங்கே என்ன வேலையில் இருந்தாலும் மூன்றாவது மணி அடிப்பதற்குள் அம்மா எடுத்துவிடுவாள். அவர் கூப்பிடுவது நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தைலக்காரனுக்குக்கூட மூச்சிரைக்க ஓடிப்போய்த்தான் "அலோ" சொல்வாள்.

"நீயே கூப்பிட்டுப் பேச வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் பேசிடுவேன். அவன் வெச்சுட்டான்னா? அதுக்கப்புறம் எனக்கு என்னடா இருக்கு?" என்றாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சாதாரண மனிதன் அந்த இடத்தில் பேச்சை விட்டிருப்பான். நான் திட்டம் போட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும் வயரைக் கழற்றி வைப்போம். லேண்ட்லைன் இல்லாமல் இருந்து பார்ப்போம். கஷ்டமாக இருந்தால் திரும்ப மாட்டிவிடுவோம்.

"அந்த ஒரு வாரத்துல கூப்பிட்டுட்டா?"

"ஆறு வருஷமா கூப்பிடாதவரு, கரெக்டா இந்த வாரம் பார்த்துக் கூப்பிடப் போறாராக்கும்!" என்றேன். இந்த வாக்கியத்தை இப்போதும் எங்கள் வீட்டில் என் குரலிலேயே, என்னைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை வயரை உருவினேன். வயரை உருவிவிட்டால் கூப்பிடுகிறவர்களுக்கு 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் பணிவாகச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் யாரும் சொல்வதில்லை. கூப்பிடுகிறவர் காதில் மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த வாரம் அம்மாவின் புதுச் செல்லுக்கு என்னைத் தவிர யாரும் கூப்பிடவில்லை. ஷோரூமிலிருந்து பரிசோதனைக்காகக் கூப்பிடுவேன். "அம்மா, கேக்குதா?" "கேக்குது. காலையிலதானே போன, அதுக்குள்ள என்ன?" என்று வைத்துவிடுவாள். சனிக்கிழமை ராத்திரி, "பாருங்க, ஒரு வாரமா யாருக்காவது ஏதாவது நஷ்டமாச்சா?" என்று வெற்றி முழக்கமிட்டேன். அம்மா மூலையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் தொட்டியத்தில் நடந்துகொண்டிருந்ததை, பின்னால் தெரிந்துகொண்டபடி சொல்கிறேன். மாமாவின் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னால உங்க அக்காவுக்குச் சொல்லுங்க. அத்தை இல்லாம என் பொண்ணுக்கு மாலை ஏறாது," என்று மாமாவின் மனைவி, அதாவது என் அத்தை, ஒரே பிடியாக நின்றிருக்கிறார். மாமா ஆறு வருஷக் கோபத்தை விழுங்கிவிட்டுச் செவ்வாய்க்கிழமை போன் போட்டிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. புதன்கிழமையும் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை காலையும் மாலையும் போட்டிருக்கிறார். முதலில், அக்காவுக்கு இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பிறகுதான் உறைத்திருக்கிறது. கூப்பிடுவது யார் என்று அந்தப் பழைய போனில் தெரியாதே! கோபித்துக்கொள்ளவாவது அவள் எடுத்துப் பார்த்திருக்க வேண்டுமே? மூன்றாவது மணிக்குள் எடுக்கிற அக்கா எடுக்கவில்லை என்றால்?

வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் மாமாவுக்குப் பழக்கம். "நம்ம அக்கா வீட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டு வாய்யா," என்று அவரிடம் விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறார். டிரைவர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லோடை இறக்கிவிட்டு எங்கள் தெருமுனைக்கு வந்திருக்கிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. தெரு சின்னது என்பதால் பந்தல் எங்கள் வாசலையும் சேர்த்து நின்றது. வாழைமரமும் தோரணமும் இன்னும் கட்டியிருக்கவில்லை. வெறும் துணிப் பந்தலும், இறக்கி அடுக்கிய பிளாஸ்டிக் சேர்களும்தான் இருந்தன. கிட்டே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவர் துக்க வீட்டுப் பக்கம் போகக்கூடாதே! முனையிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார்.

"அண்ணே, உங்க அக்கா வீட்டு வாசல்லதான் பந்தல் போட்டிருக்கு. சேர் இறக்கியிருக்கு. சாமி கிட்ட போகலண்ணே. மனசைத் தேத்திக்கிட்டு வாங்க."

பத்து மணி வாக்கில் நான் பந்தலுக்குள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். (பக்கத்து வீட்டு விசேஷத்திலும் நிர்வாகம் நான்தான்.) ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தாய்மாமன் மடியில் இருந்த குழந்தை வாயைத் திறந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. குழந்தையின் அழுகையையும் ஸ்பீக்கரையும் தாண்டி ஒரு குரல் கேட்டது.

"எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே அண்ணீ!"

தலைவிரி கோலமாக என் அத்தை ஓடி வந்தார். பின்னாலேயே மார்பில் அடித்துக்கொண்டு நாலைந்து பெண்கள். அவர்களுக்கும் பின்னால், ஆள் உயர ரோஜா மாலையைத் தோளில் சுமந்தபடி தங்கராசு மாமா. நேராக என்னிடம் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். "மாப்ள! ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதாடா!" என்று கதறினார்.

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நானும் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். யாருக்காக என்று தெரியாது. மாமா வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள், துக்கம் சொல்ல நேரிலேயே வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே, வேனில் வராதது யார் என்று மனதுக்குள் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அகப்படவில்லை. கடைசியில், "யாரு மாமா?" என்று கேட்டேன்.

"பெத்தவளைப் பறிகொடுத்துட்டு யாருன்னா கேக்குற, பாவி!"

அதற்குள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். "நல்ல காரியம் நடக்குற இடத்துல என்னங்க இது?" என்று குழந்தையின் அப்பா எகிறிக்கொண்டு வந்தார். பந்தலின் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, கேசரி ஒட்டிய கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னடா சத்தம்? யாரு செத்தது?" என்றாள் அம்மா.

ஒப்பாரி பாதியில் நின்றது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா அம்மாவை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். கை மாலையை நழுவ விட்டது. ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசுரோடதான் இருக்கியா? அப்ப போன எடுத்தா என்ன கேடு உனக்கு? வாரம் பூரா நாய் மாதிரி அடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

"ஆறு வருஷம் போன் போடத் தெரியாதவன், நான் ஒரு வாரம் எடுக்கலன்னா குதிக்கிறியா?"

"சோறு திங்கக் கூப்பிட்டியா நீ?"

"சொந்த அக்கா வீட்ல உன்னை வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா? இலையைப் போட்டு உக்கார வேண்டியதுதானே!"

"அதெப்படிக் கூப்பிடாம உக்காருவேன்? என்னை என்னன்னு நெனச்ச?"

இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. திட்டத் திட்ட அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றாமல் அந்தக் கேசரிக் கையை மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டி நீட்டித் திட்டினாள். பேசிப் பேசி மூச்சு வாங்கியபோது மாமா, "எளச்சுட்டியேக்கா," என்றார். அவ்வளவுதான். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தாள். அது பக்கத்து வீட்டுக்காரர்களின் பந்தி என்பதை அவளுக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. குழந்தையின் அப்பாவே அவருக்கு இலை போட்டார். போன் எடுக்காத விவகாரத்தை நான் விளக்கியபோது மட்டும் அக்காவும் தம்பியும் ஒன்றுசேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, அத்தையின் மடியில் இருந்த துணிக்கடைப் பையை அம்மா பார்த்துவிட்டாள். அத்தை அதை முந்தானைக்குள் மறைத்தார். என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிப் புடவை வர வேண்டும். கடைசியாக அதைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள்.

"குடு, பார்ப்போம்," என்றாள் அம்மா.

"வேணாம் அண்ணி. போற வழியில காவேரில விட்டுடறோம்."

அம்மா பிடுங்கிப் பிரித்தாள். மாம்பழ மஞ்சள் பட்டு. அரக்கு பார்டர். அப்பா போனதிலிருந்து அம்மா சாம்பல் கலரையும் காப்பிக் கலரையும் தவிர வேறு கட்டியதில்லை.

"கடையில வெள்ளைதான் எடுத்துக் காட்டுனான்," என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "எங்க அக்காவுக்கு மஞ்சள்தான் புடிக்கும்னுட்டேன்."

அம்மா வெகுநேரம் அந்த பார்டரைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா கூப்பிடாமல் இருந்த அத்தனை வருஷமும் அந்த லேண்ட்லைனை அவள் எதற்காக ஓடிப்போய் எடுத்தாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. செல்லில் கூப்பிடுகிறவர் பெயர் தெரிந்துவிடுகிறது. எடுக்கலாமா வேண்டாமா என்று கோபம் யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. அந்தப் பழைய போனில் அது கிடையாது. எடுத்து "அலோ" சொன்ன பிறகுதான் யார் என்றே தெரியும். அதற்குள் பாதிச் சண்டை முடிந்திருக்கும். அதை நினைத்து, லேண்ட்லைன் இருக்கட்டும், நாளைக்கே வயரை மாட்டிவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "கூப்பிட வேண்டியவன் நேர்லயே வந்துட்டான். கொண்டு போய்க் குடுத்துடு. ராசு, என் செல் நம்பரை எழுதிக்கோ."

அப்படித்தான் எங்கள் வீட்டு லேண்ட்லைன் போயிற்று. என் திட்டம் பலித்தது என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. விஜி கூப்பிட்டு நான் உடனே செல்லை எடுக்காவிட்டால், 'வேன் சொல்லிடவா?' என்று மெசேஜ் வரும்.

தை மாதக் கல்யாணத்துக்கு அம்மா அந்த மஞ்சள் பட்டைத்தான் கட்டினாள். அபசகுனம், வேண்டாம் என்று ஊரே சொல்லிப் பார்த்தது. "ஆறு பொங்கலுக்கு வராத சீரு. தூக்கி ஆத்துல போடுவாங்களா?" என்றுவிட்டாள். முதல் பந்தியில் மாமா அவளைத் தானே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டுப் போனார். பக்கத்து இலையில் இருந்த சம்பந்தி வீட்டு அம்மாள் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாயிருக்குங்களே, எந்த விசேஷத்துக்கு எடுத்தது?" என்று கேட்டார்.

"நான் செத்ததுக்கு," என்றாள் அம்மா. "என் தம்பி எடுத்துக் குடுத்தான்."