பூபதியின் ஆடையும் ஊரார் வாடையும்

எங்கே என்ன கோளாறு என்று மோப்பம் பிடித்தே தீரும் ஓர் இனம் இருக்கிறது. அடுத்த வீட்டுக் குழம்பு அடிப்பிடித்ததை அந்த வீட்டுக்காரிக்கு முன்பே கண்டுபிடித்து, வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கொல்லிமலைத் தேவனூர் நாட்டில் இந்த இனத்துக்குத் தலைவர் பூபதி. மற்றவர்களுக்கு வெறும் மூக்கு. இவருக்குக் கருவியே உண்டு!

ஒரு கண்ணாடிச் சில்லு, அதன்மேல் பாலாடையைவிட மெல்லிசாக ஒரு பூச்சு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆடை’. மனைவி சுகுணாவின் மிக்ஸியைப் பிடுங்கி, ஜாரைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை அதன் தலையில் ஒட்டி, பசைக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, கிர்ரென்று சுழற்றி, சுவரெல்லாம் தெறிக்கவிட்டு, பதினேழாவது தடவையில் பளபளவென்று பச்சை ஆடை படிந்தபோது மனிதர் துள்ளிய துள்ளல் இருக்கிறதே! மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், எதன் ஆவி பட்டாலும் ஆடை உப்பிச் சிவந்துவிடும். ஆவி விலகினால் பழையபடி பச்சை. சட்னி? அம்மியில்தான்.

இதோடு சும்மா இருப்பாரா? மிளகு விவசாயிகள் சங்கத்துக்குப் போய், “மண்ணெண்ணெய் வாடை பட்ட மூட்டைய நான் புடிச்சுக் குடுக்கறேனுங்க” என்றார். சங்கமும் தலையாட்டியது. ஆடை சிவந்தால் மூட்டை லாரி ஏறாது.

முதல் மூட்டை அடுத்த தோட்டத்துப் பாப்பாயியுடையது. பூபதி சட்டைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, கண்ணாடியின் பின்பக்கத்தைப் பக்தியோடு துடைத்து, துணியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, குனிந்து மூட்டைக்குள் நீட்டினார். சிவப்பு!

“என்ற ஊட்டுல மண்ணெண்ணெயே இல்ல கண்ணு! ஒரு வருசப் பாடு, திருப்பி உட்றாத சாமி!” பாப்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆடை பொய் சொல்லாதுங்கக்கா.”

சின்னுசாமி மூட்டை? சிவப்பு. செங்கோடன்? சிவப்பு. சங்கத் தலைவர்? அதுவும் சிவப்பு! பூபதிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே குற்றவாளி என்பதைவிட இந்த இனத்துக்கு வேறென்ன ஆனந்தம் வேண்டும்?

மிக்ஸியைத் தேடிக்கொண்டு அங்கே வந்த சுகுணா கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஏனுங்க, அதை ஒரு குச்சில சொருகிக் குடுத்துப்போட்டு நீங்க தள்ளி நில்லுங்க.”

குச்சி பாப்பாயியின் மூட்டைக்குள் போனது. பச்சை. மற்ற மூட்டைகளிலும் பச்சை. பிறகு சுகுணா குச்சியை மெதுவாகத் திருப்பி, புருஷனின் சட்டைப்பைக்கு நேரே பிடித்தாள். செக்கச்செவேல்!

அந்தத் துணியை நனைத்திருந்தது தின்னர். எல்லாம் சுத்தத்துக்காக.

பாப்பாயியின் மூட்டைதான் முதலில் லாரி ஏறியது. “கண்ணு, நீ மட்டும் லாரிகிட்ட வந்துறாத” என்று அவள் சொல்ல, சங்கமே குலுங்கியது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். ‘இது அப்படியே நம்ம மாமாதான்’ என்று விரலை நீட்டுகிறீர்கள். தாராளமாக நீட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த விரலை ஒரு தடவை மோந்து பார்த்துவிடுங்கள்.