பலாமரத்துக்கு எத்தனை பட்டாளம்?

பிரிட்டிஷ்காரன் கடைசியாகக் கைவிட்ட காலனி ஹாங்காங் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது குன்னத்துகாலில், கேரளமும் தமிழ்நாடும் ஒட்டிக்கொள்கிற ஒரு வேலியில் நின்ற வருக்கைப் பலாமரம். அதற்குக் கவர்னர், தளபதி, குமாஸ்தா எல்லாமே ஒரே ஆள். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரே அவரை 'ஹாங்காங்' என்றுதான் கூப்பிட்டது, தபால்காரர் உட்பட.

மகாயுத்தம் முடிந்த கையோடு ஹாங்காங்கில் வெள்ளைக்காரன் பட்டாள ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். இனிமேல் இந்தக் காலனியைக் காக்க எவ்வளவு பட்டாளம் வைத்தால் போதும் என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒருநாள் துரை ஜன்னலைப் பார்த்து, "எத்தனை போதும்?" என்று தனக்குத்தானே முனகியிருக்கிறார். இவர் டைப்மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "ஆறு பட்டாலியன், சார்" என்று சொல்லிவிட்டார். துரை டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்து சேர்வதற்குள் பேச்சு மாறிவிட்டது. தான் சொன்ன ஆறு சரியா, தப்பா? அந்தப் பதிலுக்காக மனுஷன் ஐம்பது வருஷமாகக் காத்திருந்தார்.

தொண்ணூறுகளில் நான் பி.ஏ. முடித்துவிட்டு, அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றிய காலம். பக்கத்து வீட்டுக்காரன், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன் என்பதால் என்னை உளவுப்படையில் சேர்த்துக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் டேனியல், ரப்பர்ஷீட் வியாபாரி. பலாமரத்தின் அடி எங்கள் பக்கம், கேரளத்தில். நன்றாகக் காய்க்கிற கிளையோ டேனியல் பக்கம், தமிழ்நாட்டில். ஹாங்காங் நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு ஓடினார், டேனியல் குழித்துறை கோர்ட்டுக்கு ஓடினார். கடைசியில் இரண்டு வக்கீல்களும் களியக்காவிளையில் சந்தித்துக் காப்பி குடித்து, அந்தந்தப் பக்கம் தொங்குகிற பலாச்சக்கை அவரவருக்கு என்று முடித்துவைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். ஹாங்காங் அப்போதுதான் வேலையையே ஆரம்பித்தார்.

"சண்ட நடக்கும்போ எல்லாவனும் முழிச்சிருப்பான் மக்கா. முடிஞ்ச பெறகு ஆக்கும் உறங்குவான். பட்டாளம் அப்பந்தான் வேணும்" என்றார்.

ஒரு காலனிக்கு இரண்டு எதிரி உண்டு என்பது அவருடைய சித்தாந்தம். வெளியே இருந்து வருகிறவன் ஒருத்தன், உள்ளே இருந்து எழும்புகிறவன் ஒருத்தன். வெளி எதிரி டேனியல். உள் எதிரிகள் அணில், வௌவால், அப்புறம் இடிச்சக்கைத் தோரன் என்கிற பலாப்பிஞ்சுப் பொரியலுக்காகப் பிஞ்சிலேயே கைவைக்கிற அவர் மனைவி சரசக்கா. இத்தனை பேரையும் அடக்க ஆறு ஆள் வேண்டும் என்று முடிவானது. ஆறு பேருக்குச் சோறு பொங்க எவன் வருவான் என்று சரசக்கா கேட்டதில், மூன்றாகக் குறைந்தது: அவர், மச்சினன், கர்னல் என்கிற நாய். மச்சினன் விசா வந்து கல்ஃபுக்குப் போய்விட்டான். கர்னலோ டேனியல் வீட்டு மீன்தலையில் மயங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் குடியேறி, எங்களைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. கட்சி மாறிவிட்டதே என்று கேட்டேன். ஹாங்காங் அசரவில்லை. அது டெபுடேஷனில் போயிருக்கிறதாம்.

இப்படியிருக்கும்போதுதான் தொண்ணூற்றேழில் நான் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். ஹாங்காங்கைச் சீனாக்காரனிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவிய பட்டாளத்த என்ன செய்வினும்?"

கடைசிப் பட்டாளம் அணிவகுத்துப் போகும், சாயங்காலத்துக்கு முன்னாலேயே டிவியில் காட்டுவான் என்றேன். கண்ணால் பார்த்தால் ஐம்பது வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று அவர் நம்பிவிட்டார். அன்றைக்கு முகம் வழித்து, தேய்த்த சட்டை போட்டு, காலையிலேயே எங்கள் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். அணிவகுப்பு தொடங்கப்போகிற நேரம் பார்த்து வானம் கறுத்து மழை பிடித்தது. தென்னமட்டை ஒன்று கம்பியில் விழுந்தது. கரண்டு போச்சு. கேரளம் முழுக்க இருட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு ஜெகஜ்ஜோதியாக இருந்தது. டேனியல் வீட்டு டிவியில் பேண்டு வாசிப்பது மழையைத் தாண்டிக் கேட்டது.

ஹாங்காங் குடையோடு பலாமரத்தடிக்கு ஓடினார். ஒரு காலைத் தூக்கி வேலிக்கு மேலே கொண்டுபோனார். திரும்ப எடுத்துக்கொண்டார். "எலே, நான் அங்க போனா தோத்ததாக்கும். மரம் போச்சு" என்றார் என்னிடம்.

சரசக்கா வாசலில் நின்று சொன்னாள்: "போவும். உமக்கு ஹாங்காங் வேணுமா, சக்கை வேணுமா?"

நான் தூதனாக வேலியைத் தாண்டிக் குதித்தேன். டேனியல் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரச்சொல்லுடே. பட்டாளத்த வெளிய நிறுத்திட்டு வரணும்." பட்டாளம் ஏற்கெனவே அவர் கட்டிலுக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

ஹாங்காங் வந்து உட்கார்ந்தார். திரையில், அங்கேயும் மழை. சிப்பாய்கள் நனைந்துகொண்டே நடந்தார்கள். கொடி இறங்கத் தொடங்கியதும் இவர் எழுந்து விறைப்பாக நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் டேனியலின் புதுப் பாயில் சொட்டியது. ஏதோ ஜெபமாக்கும் என்று நினைத்து டேனியலும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பேண்டு ஓய்ந்தது. ஹாங்காங் திரையையே பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "இவ்வளவு பேரு போதுமாயிருந்திருக்கு ஓய். நான் ஆறு சொன்னது கூடுதலாக்கும்."

அந்த ஆறின் கதை எல்லைக்கு இரண்டு பக்கமும் எல்லோருக்கும் மனப்பாடம். டேனியல் கண்ணைத் திறந்தார்.

"மரத்துக்கோ?"

ஹாங்காங் ஜன்னல் வழியே பலாமரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"மரத்துக்கும்" என்றார் ஹாங்காங்.

டேனியல் அடுக்களையைப் பார்த்து டீ போடச் சொன்னார். இந்தத் தடவை டீ வந்தபோது பேச்சு மாறவில்லை. ஆறு ஏன் கூடுதல் என்று கரண்டு திரும்பி வரும்வரை டேனியலுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷத்துக் கடைசிச் சக்கையை இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் வெட்டினார்கள். கர்னல் மட்டும் டெபுடேஷனிலிருந்து திரும்பவே இல்லை.

நான் இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் எங்கே கொடி இறங்கினாலும் சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறேன். எந்த நாட்டுக் கொடி என்றெல்லாம் பார்ப்பதில்லை. அவர் பட்டாளத்தில் ஒரு ஆள் குறையக் கூடாது, அவ்வளவுதான்.