இரண்டாவது நெவில்

இந்த வருஷத் தீப்பயிற்சியன்று மீன்பிடிக்கப் போயே தீருவது என்று நெவில் முடிவெடுத்தார். ஊர்த் தீயணைப்புப் படைக்கு அவர் மனைவி பெவர்லிதான் தலைவி. ஆகவே கொஞ்சம் துணிச்சலான முடிவுதான். ஆனால் படகென்றால் நெவிலுக்கு உயிர். அதைத் தொலைத்துத் தலைமுழுகச் சொல்லிப் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் பெவர்லி.

டாஸ்மேனியாவில் காட்டை ஒட்டிய அந்தச் சிற்றூரில், கோடைக்கு முன்பு எல்லோரும் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் இன்னொரு சிற்றூரில் தீக்குத் தப்பியோடப் பழகுவார்கள். நாற்பது பேர் நிஜ மனிதர்கள். இருநூறு பேர் நெவில் புரோகிராம் எழுதி உள்ளே உலவவிட்ட பொம்மைகள். பொம்மைக்கு மூன்றே விதி. புகை வந்தால் பக்கத்து வீட்டைப் பார். அவன் ஓடினால் ஓடு. இல்லாவிட்டால் நில். இத்துனூண்டு விதியை வைத்துக்கொண்டு அவை நிஜ ஊரைப் போலவே முட்டிமோதி நெரிசல் உண்டாக்குவது நெவிலுக்கு இன்றுவரை தீராத ஆச்சரியம். எது பொம்மை, எது ஆள் என்று யாருக்கும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு டிரெவர் போன வருஷம் ஒரு பொம்மையோடு அரைமணி நேரம் ஃபுட்பால் பேசி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவும் கூப்பிட்டுவிட்டார்.

அப்படியானால் தன்னைப் போலவே ஒன்று செய்து வைத்தால் பெவர்லிக்குத் தெரியுமா? கேள்வி நெவிலைக் குடைந்தது. இரண்டாவது நெவில் பிறந்தார். அவருக்கும் மூன்று விதி. பெவர்லி பேசினால் தலையாட்டு. ஏதாவது கேட்டால், "சரி கண்ணு." நடந்தால் பின்னால் போ.

சனிக்கிழமை காலை பெவர்லி தீயணைப்பு நிலையத்துக்குக் கிளம்பியதும், நெவில் பின்சந்து வழியாகப் படகை இழுத்துக்கொண்டு கடலுக்குக் கம்பி நீட்டினார். ஐஸ்பெட்டி நிறைய மீனோடு மாலையில் திரும்பினால், சந்தில் கயிறும் கையுமாக டிரெவர். பக்கத்தில் பெவர்லி.

"பயிற்சியிலே ஊரே உங்களுக்குக் கைதட்டிச்சு," என்றாள்.

"எதுக்கு?"

"தீயணைப்பு வண்டி நுழைய முடியாம உங்க படகு எப்பவும் சந்துல வழியை அடைச்சுக்கிட்டு நிக்குதே, டிரெவருக்குக் கொடுத்துடலாமான்னு கேட்டேன். 'சரி கண்ணு'ன்னீங்க. நாப்பது பேர் சாட்சி."

"அது நான் இல்லே."

"தெரியும். ரெண்டு நிமிஷம் பேசினேன், ஒரு தடவைகூடக் குறுக்கே பேசலே. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா கேட்டே?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன். உங்களைக் கேட்டா 'பாக்கலாம்'பீங்க."

"அது பொம்மைன்னு ஊர்ல சொல்லிடுவேன்."

"சொல்லுங்களேன். பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்துட்டு எங்கே போயிருந்தீங்கன்னு கேப்பாங்க, அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க."

படகு பின்னால் சொட்டிக்கொண்டு நின்றது. டிரெவர் சங்கடத்தோடு கயிற்றைக் கட்டத் தொடங்கினார். மீனாவது மிஞ்சட்டும் என்று நெவில் குனிந்து ஐஸ்பெட்டியைத் தூக்கப் போனார்.

"அதை வச்சுடுங்க," என்றாள் பெவர்லி. "அதையும் கேட்டேன்."