மீன்காரருக்குக் கீழே அத்தான்

ஃபாரஸ்ட் கேட்,
திங்கட்கிழமை காலை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

சட்டனில் நீங்கள் சுகமாக இருப்பதாகக் கத்தரின் அக்கா வழியாக அறிகிறேன். உங்கள் வழியாக அறிய விரும்பினேன். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, மறுமொழி விழவில்லை. அரசாங்கம் உங்களுக்குத் தாளில் எழுதியது. ஆகவே நானும் தாளில் வருகிறேன்.

இங்கே றூபினி நலம். சின்னவள் நலம், இரண்டு பல் முளைத்துவிட்டது. நான் வங்குரோத்து, அதாவது சட்டப்படி திவால். மற்றப்படி நலம்.

அந்தச் சொல்லை முதல் தடவை எழுதும்போது கை கூசியது. இப்போது என் இரத்த வகை போல அது பழகிவிட்டது.

கொத்துரொட்டிக் கடை மூடியது உங்களுக்குத் தெரியும். திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டியவர் நீங்கள். கத்தரிக்கோலைத் திருப்பித் தரும்போது, நீங்கள் கைமாற்றாகத் தந்த காசைப் பற்றி நான் வாயெடுத்தேன். "எனக்கு நீ கணக்குக் காட்டத் தேவையில்லை, தம்பி" என்றீர்கள். நான் பொருளியல் படித்தவன். ஆனாலும் நம்பினேன். பிறகு வந்தவர்கள் எல்லோரும் கணக்குக் கேட்டார்கள். கடைசியில், வங்குரோத்து என்று அறிவிக்கும்படி நானே விண்ணப்பித்தேன்.

கடன் தந்த எல்லோரையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். றூபினி தடுத்தாள்.

"அத்தான்ர பேரைப் போடாதேங்கோ."

"போடாட்டில் சட்டப்படி குற்றம்."

"போட்டால் அத்தான்ர கோர்ட்டில குற்றம். அங்க அப்பீலும் இல்லை."

போட்டேன். படித்த பழக்கத்தில் ஆங்கில அகரவரிசைப்படி போட்டேன். அதனால்தான் அப்டன் பார்க் மீன் மொத்தக்கடை நித்தியானந்தன் அண்ணைக்குக் கீழே, செபமாலைமுத்துவாகிய நீங்கள் வந்தீர்கள். அதன் பிரதிதான் உங்களுக்குத் தபாலில் வந்தது. "மீன்காரனுக்குக் கீழயோ நான்?" என்று கேட்டீர்களாம். காசு போனதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம். அது என்னை நெகிழ வைக்கிறது. பயமுறுத்தவும் செய்கிறது. என் கலியாண அழைப்பிதழில் கனடா மாமாவுக்குக் கீழே உங்கள் பெயர் வந்ததையும், மண்டபத்தில் நீங்கள் சோற்றைத் தொடாமல் ஒரு ஃபான்டாவோடு இருந்து எழும்பியதையும் நான் மறக்கவில்லை.

இனி அதிகாரியைப் பற்றி. வங்குரோத்தானவர்களை விசாரிக்கும் அரசு அலுவலகத்திலிருந்து ஹெலன் என்ற பெண் தொலைபேசியில் என்னை நேர்காணல் செய்தா. குரல் மென்மையானது. அதுதான் பிழையாகப் போனது. அவ ஒரு கேள்வி கேட்டா, நான் மூன்று மறுமொழி சொன்னேன், வங்கியைப் பற்றிக் கேட்க கடையைப் பற்றிச் சொன்னேன், கடையைப் பற்றிக் கேட்க, மழை நாளில் ஆள் வராத வெறுப்பில் நானே நாலு கொத்து அடித்துச் சாப்பிட்டதைச் சொன்னேன், பிரிட்ஜ் வாங்கிய கதை, வாங்கிய பிரிட்ஜ் கதவால் உள்ளே போகாத கதை, பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, கோயிலுக்கு இரண்டு கிழமை போகாதது, எல்லாம் சொன்னேன். குசினிக்குள்ளிருந்து றூபினி எட்டிப் பார்த்தாள். "என்ன, பாவசங்கீர்த்தனமே செய்யிறியள்? கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ. அவ என்ன ஃபாதரே?"

பிடிபட்டேன். சின்ன வயதிலிருந்து எனக்கு விசாரணை என்றால் அது ஒன்றுதான். சொல்ல வேண்டும், மனம் வருந்த வேண்டும், பிறகு அபராதம் கிடைக்கும்: மூன்று அருள்நிறை மரியே, பெரிய பாவமென்றால் ஒரு முழுச் செபமாலை. ஆகவே முடிவில் காத்திருந்தேன்.

ஹெலன் நன்றி சொல்லி வைக்கப் போனா.

"நான் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று நானே கேட்டேன்.

"ஒன்றும் இல்லை. உங்கள் வருமானம் அரசாங்கம் தரும் பெனிபிட் மட்டும்தானே. அதிலிருந்து நாங்கள் எடுப்பதில்லை."

"ஐந்து பவுண்டாவது?"

"தயவுசெய்து வேண்டாம்."

அத்தான், அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தண்டனை இல்லாத மன்னிப்பை எப்படி வாங்குவது என்று ஒருவரும் எனக்குப் பழக்கவில்லை.

ஹெலனிடம் இன்னொன்றும் கேட்டேன். உங்கள் சிநேகிதர் சேகர் அண்ணை ஒரு காலத்தில் ஏழே மாதத்தில் வங்குரோத்திலிருந்து வெளியே வந்தவர் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கும் அப்படிக் கிடைத்தால், சின்னவளின் ஞானஸ்நானத்தில் உங்கள் முன்னால் கடனாளிப் பெயர் இல்லாமல் நிற்கலாம் என்று ஆசை. அப்படி வருடம் முடிய முதலே விடும் சட்டத்தை 2013இல் எடுத்துவிட்டார்களாம். இப்போது எல்லோருக்கும் ஒரு வருடம். கெஞ்சினாலும் குறையாது, ஒத்துழைத்தால் நீளாது. மாதாவுக்கு நேர்த்தி வைத்தால் குறையுமா என்று கேட்க வாய் வரை வந்தது. றூபினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு மட்டும் இரகசியமாகக் கொஞ்சம் தரலாம் என்றும் நினைத்தேன். அதுவும் ஏலாது. உறவுக்காரருக்கு முந்திக் கொடுத்தால், உங்களிடமே வந்து திருப்பிக் கேட்பார்களாம். உங்கள் வாசலில் அரசாங்கம் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அரசாங்கத்துக்காகப் பரிதாபப்பட்டேன்.

ஆக, உண்மை இதுதான். என்னிடமிருந்து உங்களுக்கு ஒன்றும் வராது. வரக்கூடாது. சட்டப்படி நான் இப்போது முழுச் சுத்தமான வெறுமை.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். சின்னவளுக்கு ஞானத்தகப்பன் நீங்கள்தான் என்று அவள் பிறக்க முதலே சொல்லியாயிற்று. நீங்கள் வராவிட்டால் வேறு ஆளை நிறுத்தச் சொல்லி ஃபாதர் கேட்கிறார். என்னால் ஏலாது. கனடா மாமா வரத் தயாராம். இதை மிரட்டலாக எடுக்க வேண்டாம். கொஞ்சம் எடுக்கலாம்.

வழக்கப்படி நீங்கள் பிள்ளைக்குச் சங்கிலி போடுவீர்கள். அதைப் பறித்துவிடுவார்களோ என்று அக்கா பயந்தா. ஹெலனிடம் கேட்டுவிட்டேன். பிள்ளைக்குத் தருவது பிள்ளையுடையது, என்னை அண்டாது. காசு தர முடியாதவன், தங்கம் கொண்டுவரச் சொல்லிக் கடன் தந்தவருக்கே எழுதுகிறான் என்று றூபினி தலையில் கைவைத்திருக்கிறாள். அவளுடைய அன்பையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் பதிவேட்டில் ஞானத்தகப்பனுக்கு ஒரு வரிதான். மேலும் இல்லை, கீழும் இல்லை. அகரவரிசையும் இல்லை.

மடு மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். உங்கள் கோபத்தை மட்டும் காக்காமல் விடட்டும்.

பட்டியலில் எங்கு இருந்தாலும் உங்கள்,
ஜெரோசன்

பின்குறிப்பு: கவரை ஒட்ட முதல் நித்தியானந்தன் அண்ணை போன் அடித்தார். "சும்மா இருந்து என்ன செய்யிறாய்? வந்து என்ர மீன் வான் ஓடு" என்றார். சம்பளம் நல்ல சம்பளம். வருமானம் மாறினால் உடனே சொல்ல வேண்டும், சொன்னேன். ஹெலன் கணக்குப் பார்த்தா. இனி மாதாமாதம் கட்ட வேண்டுமாம், மூன்று வருடம். ஒரு வருடத்தில் விடுதலை, ஆனால் கட்டுவது தொடரும். மன்னிப்பு முதலில், அபராதம் பிறகு, எங்கள் முறைதான். நான் நன்றி சொன்னேன். கணக்கு விளங்கியதோ என்று அவ திரும்பக் கேட்டா. ஆகவே மேலே "ஒன்றும் வராது" என்று எழுதியதை வெட்டி வாசியுங்கள். மீன்காரர் எனக்குத் தருவார், நான் அரசாங்கத்துக்குத் தருவேன், அரசாங்கம் தன் செலவை எடுத்துக்கொண்டு, மிஞ்சினால் மீன்காரருக்கும் உங்களுக்கும் ஒரே விகிதத்தில் தரும். ஒரே விகிதம், அத்தான். கீழே இல்லை. ஞாயிறு அவரும் வருகிறார், விளைமீனோடு. உங்களுக்கு முன்வரிசை. அவருக்கு மூன்றாவது.