கடல் உள்ளே போன அன்று நான் ஊருக்குப் போன கதை

எங்கள் திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயப்படும் வாய்ப்பு அமைந்ததே இல்லை. தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் கைக்குழந்தைகூடப் பதில் சொல்லும். வந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இந்த ஒரு குறையோடுதான் நான் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போனேன்.

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றில் கணக்கு வேலை. குடியிருக்க இடம் கிடைத்தது டவுனைத் தாண்டி, கடலோரமாக இருந்த ஒரு சிறு புறநகரில். நாலைந்து தெரு, ஒரு மாதா கோயில், ஒரு அம்மன் கோயில், இரண்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடை. பாதிப்பேர் கடலுக்குப் போவார்கள், மீதிப்பேர் உப்பளத்துக்கு. சாயங்காலமானால் இரண்டு பாதியும் டீக்கடையில் சேர்ந்துவிடும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும். என் சட்டையில் பொத்தான் அறுந்தால் எனக்கு முன்னால் எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்காரர் தங்கராஜ், உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வீட்டோடு இருந்தார். 'அதிர்ச்சியான விஷயம் எதையும் சொல்லக் கூடாது' என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வீட்டில் கரண்டு பில்லைக்கூட மறைத்து வைப்பார்கள். மனைவி சரோஜா அம்மா. ஒரே மகள் ஜெயந்தி, கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் தங்கராஜை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட ஆரம்பித்தேன். ஜெயந்தியை ஒருதடவை பார்த்த பிறகு முறையை யோசித்தேன். அண்ணாச்சியின் மகள் என்றால் எனக்கும் மகள் முறை ஆகிவிடும். மறுநாளே 'மாமா' என்று மாற்றிவிட்டேன். (எனக்கு அந்த வயதில் இருந்த ஒரே முன்யோசனை இதுதான்.)

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடற்கரைக்கு நடக்கப் போனேன். கடல் இல்லை.

மிகைப்படுத்தவில்லை. வழக்கமாகக் கடல் இருக்கும் இடத்தில் சேறும் பாசியும் கிடந்தன. படகுகள் தரையில் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. கடல் உள்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று செல்போனில் எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன்!

டீக்கடைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, கடலு உள்ள போயிருச்சு!"

டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஆமா தம்பி, போயிருக்கு. சீனி கம்மியா போடட்டா?" என்றார்.

பாவம், மனுஷர் சாவுக்குத் தயாராகிவிட்டார் என்று நினைத்தேன். மணலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஓடிருங்க, ஓடிருங்க!" என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பயிற்சிக்குக் கூப்பிடுகிறேன் என்று எண்ணி, "நீங்க போங்க தம்பி, முட்டு வலிக்கி" என்று கையாட்டினார்கள். ஊரே விதியை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி நான் காப்பாற்ற முடிந்தது ஒரே ஒரு வீட்டைத்தான்.

ஆனால் மாமாவிடம் உண்மையைச் சொல்ல முடியாதே? ஸ்டென்ட்! வாசலில் நின்று, மூச்சு வாங்க, "மாமா, கெளம்புங்க. எங்க ஊருக்குப் போவோம். அத்தை, நீங்களும் வாங்க. ஜெயந்தியும் கண்டிப்பா வரணும்" என்றேன்.

"என்னப்பா திடுதிப்புனு?"

"இப்ப விட்டா எப்பவும் முடியாது மாமா. எதுவும் கேக்காதீக. எங்க அப்பா அம்மாவ நீங்க பாக்கணும்."

மாமாவும் சரோஜா அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா உள்ளே போனார். வெளியே வந்தபோது பட்டுப்புடவையில் இருந்தார். உயிர் தப்பி ஓடும்போது எதற்குப் பட்டு என்று நினைத்தேன். விலை உயர்ந்ததை வீட்டில் விட மனமில்லை போலும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஜெயந்தி மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தபடி காரில் ஏறினாள்.

மாமாவின் பழைய காரை நான்தான் ஓட்டினேன். எட்டயபுரத்தில், "பூ வாங்கணும், நிறுத்துப்பா" என்றார் சரோஜா அம்மா. "இங்க வேண்டாம் அத்தை, இன்னும் கொஞ்சம் மேட்டுக்குப் போயிருவோம்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தல்குடி தாண்டி, வெயிலும் கரிசலும் கருவேல மரங்களும் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. எந்த அலையாக இருந்தாலும் அருப்புக்கோட்டை வருவதற்குள் தாகம் எடுத்துச் செத்துவிடும். அங்கே நிறுத்தினேன். அவர்கள் பூ, பழம், வெற்றிலை எல்லாம் வாங்கினார்கள். உயிர் பிழைத்ததற்கு நன்றியாகச் சாமிக்கு வைக்கப் போகிறார்கள் என்று எண்ணி நானும் ஒரு தேங்காய் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டு வாசலில் அம்மா வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையோடும் பழத்தட்டோடும் இறங்கியவர்களைப் பார்த்ததும் என்னைத் தனியாக இழுத்தார். "ஏலே, யாருலே இவுக? ஒரு போன் போட்டுட்டு வரக் கூடாதா?"

அதற்குள் அப்பா நாற்காலி போட்டுவிட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. கூச்ச சுபாவம். ஆனா மாமா மாமான்னு கூப்புடுறதும், இன்னைக்கு அவசரமாக் கூட்டிட்டு வந்ததும் பாத்தே நாங்க புரிஞ்சுக்கிட்டோம். எங்களுக்குச் சம்மதந்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடலில் வராத அலை எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து அடித்தது. சும்மா தலையைக் குனிந்து நின்றிருந்தாலே போதும், கல்யாணம் முடிந்திருக்கும். நானும் குனிந்துதான் நின்றேன். மனசுக்குள் பத்திரிகைகூட அடித்துவிட்டேன்.

ஜெயந்திதான் கேட்டாள். "அதுக்கு ஏன் சாப்பிடக்கூட விடாம கூட்டிட்டு வந்தீங்க? எட்டயபுரத்துல நிறுத்த மாட்டேன்னுட்டீங்களே, ஏன்?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். நல்ல நேரம் முடிகிறது என்றிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"கடலு... உள்வாங்கிருச்சுல்ல" என்றேன்.

"பௌர்ணமி அமாவாசைன்னா அது உள்ளதான போகும்? சாயங்காலம் வந்துரும்" என்றாள் ஜெயந்தி.

முதலில் சிரித்தவர் மாமா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்தது, இருமினார், மறுபடி சிரித்தார். நாங்கள் எல்லோரும் பதறிப்போய் விசிறினோம். டாக்டர் சொன்ன அதிர்ச்சியை நானே கொடுத்துவிட்டேனோ என்று நடுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் பாண்டி உள்ளே வந்தான். கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டத்தைப் பிரித்துவிட்டு வந்திருந்தான். தலை முதல் கால் வரை கரி. அம்மா விஷயத்தைச் சொன்னதும், அந்தக் கறுப்பு முகத்தில் பல் மட்டும் தெரியச் சிரித்தான். "அப்ப அந்த டீக்கடைக்காரரை மட்டும் ஏன்டா விட்டுட்டு வந்த?" என்றான். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த ஜெயந்தி சத்தமாகச் சிரித்தாள். (அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் பேசி அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.)

சாப்பாடு ஆயிற்று. சரோஜா அம்மாவின் தாய்வழி காரியாபட்டிப் பக்கம் என்று தெரிந்தது. அம்மா துருவித் துருவிக் கேட்டதில், எங்கள் பெரியம்மா மல்லாங்கிணற்றில் வாக்கப்பட்ட வீட்டுக்கு அவர்கள் தூரத்து உறவு என்றும் ஆனது. அதற்குமேல் அம்மாவை யாரால் நிறுத்த முடியும்?

"பொண்ணு தங்கமா இருக்கா. ஆனா மூத்தவன் இருக்கையில எளையவனுக்கு எப்படிப் பேச?" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

நான் அண்ணனைப் பார்த்தேன். குளித்து வேறு சட்டை போட்டிருந்தான். துரோகி.

ஜெயந்தி யோசிக்கணும் என்றாள். அவள் யோசித்த மாதங்களில் அண்ணனுக்கு அடிக்கடி தூத்துக்குடிப் பக்கம் கரி லோடு போக ஆரம்பித்தது. அடுத்த வைகாசியில் அவனுக்கும் ஜெயந்திக்கும் கல்யாணம். புறநகரே பஸ் பிடித்துத் திருச்சுழிக்கு வந்தது. சீட்டாடியவர்கள் வந்தார்கள், டீக்கடைக்காரர் வந்தார். மணமேடைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம், "பெரிய மனசு தம்பி" என்றார். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்கு ஓடினேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு விசேஷ வீட்டிலிருந்து சீக்கிரம் நழுவ வேண்டுமென்றால், "கடலு உள்வாங்கிருச்சு" என்பார்கள். உடனே எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் காரியாபட்டியில் பெண் பார்த்தார்கள். காபி வந்த கையோடு மதினி ஜெயந்தி முழுக் கதையையும், கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டிவிட்டாள். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தேன். பெண் முத்துலட்சுமி சிரிக்கவில்லை. "பயந்தாலும் தனியா ஓடலையே. வாடகை வீட்டுக்காரவுகளையும் சேத்துல்ல கூட்டிட்டு ஓடியிருக்காக" என்றாள். கதையை இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர்கூடச் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் அவளைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனேன். நாள் பார்த்துப் போக மறந்துவிட்டேன். பௌர்ணமி. சேறும் பாசியுமாகக் கிடந்தது. அவள் தூரத்தில் கோடாகத் தெரிந்த தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டாள்:

"என்னங்க, கெளம்புவமா? டீக்கடைக்காரரையும் கூப்புடுங்க."