விட்டுப்போனவர் யாருமில்லை

மட்டாஞ்சேரி,
9-11-1986

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு மாமா நீலகண்டன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் மாமியும் க்ஷேமம். என் முட்டுவலி எங்கள் இருவரையும்விட க்ஷேமம். பம்பாயில் நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க எர்ணாகுளத்தப்பன் துணை. மரியாதை இதோடு முடிந்தது. இனி விஷயம்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு யாரையும் அழைக்க விட்டுப்போகக் கூடாது என்று, எழுபத்துமூன்றில் என் பெண் கங்கா கல்யாணத்துக்கு அழைத்தவர்களின் ஜாபிதாவையும், இப்போது குழந்தை குட்டி முதற்கொண்டு பேர் பேராக நான் எழுதியதையும் உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க அனுப்பினேன். நீதானே சொன்னாய், "மாமா, அது பழைய ஜாபிதாலேர்ந்து ஒரு பேரை எடுக்கும், புதுசுல பூரா தேடும், இல்லேன்னா தனியா எழுதி வெச்சுண்டு அடுத்த பேருக்குப் போகும்" என்று. நாங்களும் வீட்டில் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் ஒவ்வொரு பேருக்கும் மாமி ஒரு கதை சொல்வாள், நான் அப்படியில்லை என்பேன், காப்பி ஆறும், எந்தப் பேரில் நின்றோம் என்று மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். மெஷினுக்குக் கதை தெரியாதே என்றுதான் உன்னிடம் வந்தது.

நேற்று உன் காகிதம் வந்தது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட அவ்வளவு நீளக் காகிதத்தில் ஒரே ஒரு பேர். செல்லப்பா! அவனை நான் மறக்கவில்லையடா, வேணும்னுதான் விட்டேன். கங்கா கல்யாணத்தில் ஆலுவாச் சம்பந்தியின் இலைக்கு நேரே நின்றுகொண்டு, "பாலடைப் பாயசம் அடிபிடிச்சுடுத்து, நீலகண்டா" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னவனாக்கும் அவன். மிளகுக் கிடங்கு ஆபீஸில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தவன், காதோடு காதாகச் சொல்லக்கூடாதா? அன்றைக்கு நின்ற பேச்சுதான். அடுத்த தெருவில் இருக்கிறான், எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறான். நானும் மழையில்லாவிட்டாலும் குடை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

அதுகூடப் போகட்டும். நிஜமாகவே போனவர்களைப் பற்றி உன் மெஷின் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! உன் அப்பா ராமபத்ரன் அத்திம்பேர் எங்கே? உன் அம்மா, என் அம்மிணி அக்கா எங்கே? இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்றல்லவா அது நினைத்துக்கொண்டிருக்கிறது! மாமிதான் சொன்னாள், "ஏன்னா, வெங்கிட்டு பிள்ளைக்கு ராமபத்ரன், பொண்ணுக்கு அம்மிணி. நாம தாத்தா பாட்டி பேரைத்தானே வெக்கறோம்? பேரை மட்டும் பாக்கற மெஷினுக்குக் கிழவர் யாரு, குழந்தை யாருன்னு என்ன தெரியும்?" பார்த்தால் ஜாபிதா முழுக்க இதே கதை. போனவர்கள் எல்லோரும் பேரனாகவும் பேத்தியாகவும் வந்து பந்தியில் இடம் பிடித்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தப் பழைய ஜாபிதாவைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. அத்திம்பேர் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்ள படகு ஜெட்டிக்குப் போய், வைப்பின் தீவுப் படகிலிருந்து இறங்கிய யாரோ ஒரு சேட்டனுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு அழைத்து வந்தாரே! அந்த மனுஷர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கங்காவை ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். அக்கா சீர் முறுக்கில் பெரிய சுற்றாகப் பார்த்து உனக்கென்று தலைப்பில் ஒளித்துவைத்தாள், நடக்கும்போதெல்லாம் அது பொடிந்து வழியெல்லாம் உதிர்ந்தது. அவர்களைப் பார்க்கணும் போல இருக்கடா, வெங்கிட்டு.

ஆக, உயிரோடு இருக்கிறவன் ஒருத்தனைத்தான் உன் மெஷின் காணோம் என்கிறது. அவனுக்குக் கல்யாணமில்லை, பேரனில்லை. அந்தப் பேருக்கு அவனை விட்டால் வேறு ஆளும் இல்லை. அதற்காக நான் போய் அழைப்பேன் என்று கனவிலும் நினைக்காதே. அந்தப் பேரை நீக்கிவிட்டு வேறு காகிதம் அனுப்பவும்.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகள் அம்மிணிக்கும் ராமபத்ரனுக்கும் என் ஆசீர்வாதம். அத்திம்பேர் பேருக்கு ஆசீர்வாதம் எழுதக் கை கூசுகிறது.

இப்படிக்கு,
மாமா நீலகண்டன்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பினவன் செல்லப்பா வாசலில் போய் நின்றேன். பையில் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது, மாமி வேலை. நான் குடையை மடக்கும் முன்னே, "அடிபிடிச்சது நெஜம்தானேடா?" என்றான். "நெஜம்தான்" என்றேன். வருகிறான். இந்தத் தடவை பாலடையைத் தானே நின்று கிளறுவானாம். ஆகவே புது ஜாபிதாவில் அவன் பேரைச் சேர்த்து இன்னொரு தரம் மெஷினில் போடு. யாரும் விட்டுப்போகவில்லை என்று அது சொல்லும். பொய்யென்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் காகிதத்தை அனுப்பிவை, எனக்கு வேணும்.