பத்தடி தள்ளினால் ஓடும் வண்டி

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மருதமுத்துவின் கால்களுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், காஜா பேராங் பகுதியில் இருந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, தன் சைக்கிளின் இரண்டு பெடல்களையும் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டார். இனி இந்தக் கால் எதையும் மிதிக்காது என்று அறிவித்தார். மனைவி கமலவேணி வெங்காயம் உரித்துக்கொண்டே, சரி என்றாள். அவள் சரி என்று சொன்னபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாம் கமலவேணியின் அண்ணன் கருணாகரன் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன், கல்யாணம் முடிந்த மறுவாரம், மருதமுத்து விருந்துக்காகக் கிளேபாங்கில் இருந்த கருணாகரன் வீடு வரை சைக்கிள் மிதித்துப் போனார். பட்டு வேட்டியெல்லாம் சங்கிலி மசி. புது மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து நின்ற கருணாகரன், நாற்பது பேர் முன்னால் சொன்னார்:

"மாப்ளே மிதிச்சு மிதிச்சு களைச்சுட்டாரு. யாராவது மோர் கொடுங்க."

நாற்பது பேரும் சிரித்தார்கள். யார் யார் எத்தனை பல் தெரியச் சிரித்தார்கள் என்று மருதமுத்துவுக்கு இன்றைக்கும் தெரியும். இனி மிதித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று அன்றே சபதம் செய்தார். அதற்குப் பிறகு போகவே இல்லை. மகள் சாரதாவுக்கு மூன்று வயது முடிந்தும் காது குத்தவில்லை. குத்தினால் தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும். மடியோ கிளேபாங்கில் இருந்தது.

அவர் வேலை பார்த்த பஸ் பட்டறையில், உடைத்துப்போட்ட ராணுவ லோரியின் மின்சார மோட்டார் ஒன்று கிடைத்தது. இரண்டு மாதம் பாடுபட்டு அதைச் சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில் பொருத்தியிருந்தார். பாட்டரி வைக்க இடம் வேண்டுமே என்று, நடுக்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிளாகப் பார்த்து வாங்கியிருந்தார். மிதிக்காமல் கிளேபாங் போவது, கருணாகரன் வாசலில் இறங்காமலே ஒரு வட்டம் அடிப்பது, அந்த ஆள் வாய் பிளப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. இதுதான் திட்டம்.

பெடல்களைக் கொடுத்த கையோடு சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. சக்கரம் குளிர் கண்டதுபோல் நடுங்கியது. வண்டி நகரவில்லை.

கழற்றிப் பார்த்ததில், மின்சாரத்துக்கு உள்ளே வழி காட்டும் இடத்தில் பாதி தீய்ந்துபோயிருந்தது. நின்றுவிட்டால், தான் எங்கே நிற்கிறோம் என்று மோட்டாருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று புரியாமல் நடுங்கும். யாராவது பத்தடி தள்ளிவிட்டால் புத்தி வந்து ஓடும். அவரே தள்ளிக்கொண்டு ஓடி ஏறப் பார்த்தார். வண்டி அவரை விட்டுவிட்டுப் போய் தெருவோர லோங்காங் சாக்கடையில் விழுந்தது. எடுக்கப் போன அவரும் விழுந்தார்.

நாலு நாள் கமலவேணி தள்ளினாள். ஐந்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, மேல உக்காந்திருக்கிறவருக்குக் கோளாறு எப்படித் தெரியும்? நான் ஓட்டுறேன். நீங்க பின்னால வந்து சக்கரத்தைக் கவனிங்க."

தன்னோடு குடித்தனம் நடத்தியதில் இவளுக்கும் அறிவு வந்துவிட்டது என்று மருதமுத்து பூரித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு, கோளாறைப் பார்க்கக் கிளம்பினார்கள். முன்கூடையில் சாரதா, புதுப் பட்டுப் பாவாடையில். எதற்கு என்று கேட்டதற்கு, வண்டிக்கு முதல் தூர ஓட்டம், நல்ல நாள் அல்லவா என்றாள் கமலவேணி. பக்கத்து வீட்டுத் தம்பிராஜாவும், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் சைக்கிளில் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தார். இந்த வண்டி கிளேபாங் வழியில் இருக்கும் தெங்கேராவைக்கூடத் தாண்டாது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தவர் அவர்தான்.

மருதமுத்து தள்ளினார். வண்டி ஓடியது. அவர் பின்னால் ஓடினார். மூச்சு வாங்கி, போதும் என்று கத்தும்போதெல்லாம் கமலவேணி பணிவாக நிறுத்தினாள். நின்ற வண்டி மறுபடி நடுங்கியது. மறுபடி தள்ளினார். தெங்கேராவில் சட்டையைப் பிழிந்துகொண்டு, திரும்பிவிடலாம் என்றார்.

"திரும்பலாங்க. தம்பிராஜா அண்ணன் சொன்னது சரியாப் போச்சுன்னு இருக்கட்டும்."

மருதமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை தள்ளினார் என்று அவருக்கே கணக்கில்லை. உப்புக் காற்று அடித்தது. தலையைக் குனிந்து, சக்கரம் ஒன்றையே பார்த்தபடி, உயிரைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். வண்டி இடதுபக்கம் திரும்பியது. அவரும் திரும்பினார். நின்றது. நிமிர்ந்தார்.

மாவிலைத் தோரணம். ஜமக்காளம். ஊசியோடு ஆசாரி. அதே நாற்பது பேர், இன்னும் கொஞ்சம் பல் விழுந்தவர்களாக. கருணாகரன் கூடையிலிருந்து சாரதாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மருதமுத்து குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் வாசலுக்கு உள்ளேதான் இருந்தன.

"என் சபதம்?" என்றார் மனைவியிடம்.

"மிதிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுதானே சொன்னீங்க? ஒரு மிதி மிதிச்சீங்களா? தள்ளிக்கிட்டுல்ல வந்தீங்க."

கருணாகரன் உள்ளே பார்த்து, மாப்பிள்ளைக்கு மோர் கொடுக்கச் சொன்னார். குடிக்கவே கூடாது என்று தீர்மானித்தார் மருதமுத்து. மூன்று டம்ளர் குடித்தார்.

சாரதா வீறிட்டு அழுது, காதில் தங்கம் மின்னியதும் சிரித்தாள். எல்லோருக்கும் இலை போட்டார்கள். இந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று மருதமுத்து வெளியே வந்து, தன்னந்தனியாக வண்டியில் ஏறி, சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. சக்கரம் நடுங்கியது. வேலிக்குப் பக்கத்தில் ஓடிய லோங்காங் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பிராஜாவைக் கூப்பிட்டார். அவர் பாயசத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"நான் தள்ளக்கூடாதுங்க. வேற யாரும் தள்ளக்கூடாதாம். கமலம் போன வாரமே எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு, தன்னோட அண்ணன் மட்டும்தான் தள்ளணும்னு."

கருணாகரன் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், படியிறங்கி வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார். வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஆறு வருஷத்துக்குப் பிறகு மருதமுத்து அவரிடம் வாய் திறந்தார்.

"மச்சான், கொஞ்சம் தள்ளுங்களேன்."